அம்மாவுக்கு பல்லு கட்ட திருச்சியா, ஹட்யாயா, இல்ல ஈப்போவே போதுமா?

ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டது இதுதான். அவங்க அம்மாவுக்கு 63 வயசு, மேல் வரிசைல ஒரு பல்லு கூட இல்ல, கீழ முன்னாடி ஆறு பல்லு மட்டும் நிக்குது. கேஎல்ல (கோலாலம்பூர்) ஒரு கிளினிக்ல மேலயும் கீழயும் இம்ப்ளான்ட், அதாவது எலும்புல ஸ்க்ரூ பதிச்சு அதுமேல பல்லு கட்டுறது, அது போட 48,000 வெள்ளின்னு (மலேசிய ரிங்கிட்) எழுதிக் கொடுத்துட்டாங்க. திருச்சில இருக்குற சித்தி நாலுல ஒரு பங்கு காசுல முடிச்சிரலாம் வாங்கன்னு சொல்றாங்க, பக்கத்து வீட்டுல தாய்லாந்துல ஹட்யாய் போங்கன்னு சொல்றாங்க, தம்பி கல்யாணம் வேற மூணு மாசத்துல வருது. எங்க போறது?

மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன், நான் டாக்டர் இல்ல. ஈப்போவுல ஒரு டென்டல் லேப்ல 26 வருஷம் டெக்னீஷியனா இருந்தவன், வீடு சுங்கை சிப்புட்லதான். டாக்டர் வாயில அளவு எடுத்து அனுப்புவாரு, அதுக்கு அச்சு ஊத்தி பல்லு செட்டு, கிரவுன் (பல்லு மேல மாட்டுற தொப்பி), பிரிட்ஜ் (பக்கத்துப் பல்லுங்கள புடிச்சு நிக்குற கட்டுப்பல்லு) எல்லாம் செய்யறது எங்கள மாதிரி ஆளுங்க. உங்க வாய்க்குள்ள போறதுக்கு முன்னாடி அந்தப் பல்லு எங்க கைலதான் இருக்கும். வெளிநாட்டுல செஞ்சு நல்லா இருக்குறதையும் பார்த்திருக்கேன், டிஷ்யூ பேப்பர்ல சுத்தி கொண்டாந்து கொடுத்ததையும் பார்த்திருக்கேன். நானே 2016ல மதுரைக்கு போய் பட்டுட்டு வந்தவன், அத பின்னாடி சொல்றேன்.

எங்க மலிவுங்கிற கேள்விய கொஞ்சம் ஓரமா வைங்க. பல் வேலை ஒரு தடவ செஞ்சா முடியுற வேலை கிடையாது. கண்புரை ஆப்பரேஷன் மாதிரி பண்ணிட்டு வந்துட்டா அவ்ளோதான்னு இதுல இல்ல. செட்டு போட்டா புண்ணாகும், தேய்க்கணும், எலும்பு கரையும், செட்டு உள்பக்கத்த ஈறுக்கு பொருந்துற மாதிரி மறுபடி ஊத்தி ரீலைன் பண்ணணும், இம்ப்ளான்ட்ல ஸ்க்ரூ லூசாகும், கிரவுன் விளிம்பு உடையும். அதனால யாரு செய்யப் போறாங்கன்னு கேக்குறதுக்கு முன்னாடி, பத்தாவது மாசம் அம்மா பல்ல யாரு பார்க்கப் போறாங்கன்னு கேளுங்க. அதுக்கு ஒரு ஆள் கெடச்சுட்டா எந்த ஊருக்கு வேணும்னாலும் போங்க, நான் தடுக்க மாட்டேன்.

உலகம் பூரா இதுக்கு அலையுறாங்கதான். அமெரிக்காக்காரங்க அரிசோனா பக்கத்துல பார்டர தாண்டி மெக்சிகோவுல லோஸ் அல்கோடோனஸ்னு ஒரு சின்ன ஊருக்கு போறாங்க, தெருவுக்கு தெரு பல் கிளினிக், அந்த ஊருக்கே மோலார் சிட்டின்னு பேரு வந்துருச்சு, கடவாய்ப்பல் பட்டணம்னு வெச்சுக்கங்களேன். ஆஸ்திரியாக்காரங்க ஹங்கேரி போறாங்க, சிங்கப்பூர்க்காரங்க ஜொகூர் பாருவுக்கு வர்றாங்க, இந்தோனேசியாவுல மேடான்ல இருந்து பினாங்குக்கு வர்றாங்க. அதாவது மத்தவங்களுக்கு நம்ம ஊருதான் மலிவு ஊரு! ஆனா இதுல ஒண்ண கவனிங்க, இவங்கள்ல முக்காவாசி பேரு பார்டர் பக்கத்துல இருக்குறவங்க. வலிச்சா அடுத்த சனிக்கிழமையே திரும்பப் போய் நிப்பாங்க. உங்களுக்கு திருச்சி அப்படி இல்ல. இங்கேருந்து கேஎல் ஏர்போர்ட்டுக்கே காருல மூணு மணி நேரத்துக்கு மேல, அப்புறம் பிளைட் நாலு மணி நேரம், விசா, லீவு, கூட ஒரு ஆளு.

சரி, அம்மா வாயிக்கு வருவோம். நீங்க எழுதுனத வெச்சுப் பார்த்தா 48,000 வெள்ளி வேலை உண்மையிலயே தேவையாங்கிறதுதான் என்னோட மொத சந்தேகம். மேல் வரிசைல பல்லே இல்லன்னா சாதாரண பிளாஸ்டிக் செட்டு பெரும்பாலும் நல்லாவே நிக்கும், ஏன்னா அண்ணம் பூராவும் மூடி உறிஞ்சிப் பிடிச்சுக்கும். ஈரமான ரெண்டு கண்ணாடிய ஒண்ணா வெச்சு பிரிச்சுப் பாருங்க, அந்த மாதிரி. மானத்த வாங்குறது எப்பவும் கீழ் செட்டுதான். கீழ நாக்கு தள்ளும், கன்னம் தள்ளும், புடிச்சுக்க அண்ணம் கிடையாது, குதிரை லாடம் மாதிரி ஒரு துண்டு சும்மா மெதக்கும். அதுக்குத்தான் 2002ல கனடாவுல மெக்கில் யூனிவர்சிட்டில நிபுணர்ங்க கூடி, கீழ பல்லே இல்லாதவங்களுக்கு ரெண்டு இம்ப்ளான்ட் போட்டு அதுமேல செட்ட சட்டை பட்டன் மாதிரி மாட்டுறதுதான் மொதல்ல சொல்ல வேண்டிய வைத்தியம்னு அறிக்கையே விட்டாங்க. எட்டோ பத்தோ இல்ல, ரெண்டே ரெண்டு.

ஆனா அம்மாவுக்கு கீழ ஆறு பல்லு இருக்கே, அது ஆடுதா ஆடலையா? கேஎல்ல ஓபிஜி எடுத்திருப்பாங்க, தாடை மொத்தமும் தெரியுற அந்தப் பெரிய எக்ஸ்ரேதான், அதுல வேர சுத்தி எலும்பு எவ்ளோ இருக்குன்னு தெரியும். கெட்டியா இருந்தா பிடுங்க விடாதீங்க. இம்ப்ளான்ட் விக்கணும்னு இருக்குற எடத்துல இருக்குற பல்ல பிடுங்கிரலாம்னு ஈஸியா சொல்லுவாங்க. அதே சமயம் மேல முழு செட்ட போட்டுட்டு கீழ கடவாய்ல ஒண்ணும் கட்டாம முன்பல்லு ஆறோட மட்டும் விட்டாலும் தப்பு. கீழ் முன்பல்லு மேல் செட்டோட முன்பக்கத்த இடிச்சு இடிச்சு அந்த எடத்து எலும்பு கரைஞ்சு வெறும் சதையா தொங்க ஆரம்பிக்கும், செட்டு முன்னாடி மேல ஏறி பின்னாடி கீழ எறங்கிரும். இந்த மாதிரி வாயோட அச்சு எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கு, பிளாஸ்டர்ல பார்த்தாலே தெரியும், முன்னாடி மேடு கத்தி முனை மாதிரி மெலிஞ்சு கெடக்கும். அதனால மேல முழு செட்டு, கீழ கடவாய்க்கு பாதி செட்டு, முடிஞ்சா மெட்டல் சட்டத்துல. இத இங்க பிரைவேட்ல நல்லபடியா செஞ்சாலே ரெண்டு மூணாயிரம் வெள்ளிக்குள்ள முடியும். கவர்மெண்ட் பல் கிளினிக்ல இன்னும் எவ்ளோவோ கம்மி, ஆனா வரிசை பெருசு, கல்யாணத்துக்கு வராது.

இன்னொரு வழியும் இருக்கு, நம்ம ஆளுங்க நிறைய பேரு யோசிக்கிறதே இல்ல. கெடாவுல செமெலிங்ல எய்ம்ஸ்ட் யூனிவர்சிட்டில பல் மருத்துவப் படிப்பு இருக்கு, கேஎல்ல மலாயா யூனிவர்சிட்டில இருக்கு. ஸ்டூடன்ட் செய்வாங்க, லெக்சரர் பக்கத்துல நின்னு ஒவ்வொரு ஸ்டெப்பும் பார்த்து கையெழுத்து போடுவாரு. மெதுவாத்தான் நடக்கும், நாலு தடவ போக வேண்டிய எடத்துல எட்டு தடவ போகணும், ஆனா அளவு எடுக்குறதுல அவங்க காட்டுற பயபக்தி இருக்கே, பிஸியான டாக்டருங்க கிட்ட இருந்து கூட எங்க லேபுக்கு அப்படி ஒரு அளவு வந்ததில்ல.

ஹட்யாய் பத்தி சுருக்கமா சொல்றேன். நமக்கு விசா வேண்டாம், ரயில்ல பாடாங் பெசார் போய் மாறிக்கலாம், டிஜிட்டல் அரைவல் கார்டு மட்டும் ஆன்லைன்ல முன்னாடியே போட்ரணும், அது 2025 மே மாசத்துல இருந்து கட்டாயம். கிளினிக்குங்க சுத்தமா இருக்கும், சொங்க்லா யூனிவர்சிட்டியோட பல் மருத்துவப் பிரிவும் அந்த ஊர்லதான் இருக்கு. ஆனா இம்ப்ளான்ட்டுக்கு தாய்லாந்து மலிவுங்கிறது ஆஸ்திரேலியாக்காரங்க கணக்கு. ஒண்ணு 40,000 பாட், 60,000 பாட்னு சொல்லுவாங்க, ஒரு வெள்ளிக்கு ஏழெட்டு பாட்னு வெச்சு வகுத்துப் பாருங்க, ஈப்போ வெலைதான் வரும். சுத்தம் பண்றது, அடைக்கிறதுன்னா சரி, ஊரு சுத்துன மாதிரியும் ஆச்சு. இம்ப்ளான்ட்டுக்காக அங்க போறதுல எனக்கு லாபம் தெரியல. நவம்பர் டிசம்பர்ல போகவே போகாதீங்க, 2025 நவம்பர் வெள்ளத்துல நம்மாளுங்க எத்தனை பேரு ஹோட்டல் மாடில மாட்டிக்கிட்டாங்கன்னு பார்த்தோம்ல.

இந்தியா உண்மையிலயே மலிவுதான், அத மறைக்க மாட்டேன். இங்க ஒரு இம்ப்ளான்ட் கிரவுனோட 4,000ல இருந்து 8,000 வெள்ளி, சில எடத்துல அதுக்கும் மேல. தமிழ்நாட்டுல நான் பார்த்த பில்லுங்கள்ல 25,000ல இருந்து 50,000 ரூபா. ஒரு வெள்ளிக்கு 20 ரூபான்னு கணக்கு போட்டா 1,250ல இருந்து 2,500 வெள்ளி. டாக்டர் திறமைல கொறை சொல்ல முடியாது, நம்ம ஊரு டாக்டருங்களே எத்தனையோ பேரு அங்க படிச்சவங்கதான். அம்மாவுக்கு தமிழ்ல பேசலாம், இது சின்ன விஷயம் இல்ல, வாய்க்குள்ள வலிக்கிற எடத்த மலாய்ல சொல்லத் தெரியாம சும்மா தலையாட்டிட்டு வர்ற கெழவிங்கள நான் பார்த்திருக்கேன்.

ஆனா கணக்கு எங்க இடிக்குதுன்னா, இம்ப்ளான்ட்ங்கிறது டைட்டானியம் ஸ்க்ரூ. அது எலும்போட ஒட்டிக்கும்ங்கிறத வெச்சு சுவீடன்ல பிரேனமார்க்ங்கிறவரு 1965ல மொத மொதல்ல ஒரு மனுஷனுக்கு போட்டாரு, அன்னைக்கும் இன்னைக்கும் எலும்பு அது நேரத்துலதான் ஒட்டும். கீழ் தாடைல மூணு மாசம், மேல ஆறு மாசம் வரைக்கும் கூட ஆகும். அப்ப குறைஞ்சது ரெண்டு பயணம். ஒரே தடவைல, பத்து நாள்ல எல்லாம் முடிச்சு தர்றோம்னு சொல்றது சில வாயிக்கு உண்மையிலயே முடியும், நாலு ஸ்க்ரூ போட்டு அன்னைக்கே தற்காலிக பல்லு மாட்டுற முறை இருக்கு, ஆனா அதுவும் தற்காலிகம்தான், நிரந்தரப் பல்லுக்கு திரும்பப் போகணும். உங்க மூணு மாசத்துல இது அடங்காது. மேல் கடவாய்ல எலும்பு பத்தலன்னு மூக்குப் பக்கத்துல காத்து நிக்குற சைனஸ தூக்கி எலும்பு வெச்சாங்கன்னா உடனே பிளைட் ஏறவும் கூடாது, மூக்க சிந்தவும் கூடாது. ரெண்டு பேருக்கு ரெண்டு தடவ டிக்கெட், விசா, சித்தி வீட்டுக்கு சாமான் (வெறுங்கையோட போக முடியுமா!), இதெல்லாம் கூட்டி பாருங்க. ஒரு பல்லுக்கு போனா நட்டம். ஆறு எட்டு இம்ப்ளான்ட்னா இந்தியா லாபம். ரெண்டு இம்ப்ளான்ட்னா கிட்டத்தட்ட சமம்தான், அப்ப இங்கயே போடுறது புத்திசாலித்தனம்.

இப்ப என் கதை. கீழ வலது பக்கம் ஒரு பல்லு போயி மூணு பல்லு பிரிட்ஜ் கட்ட மதுரைக்கு போனேன், கோயிலும் பார்த்த மாதிரி ஆச்சுன்னு. பேரு வேண்டாம், நல்ல கிளினிக்தான். ஏழாவது நாளு சாயந்திரம் பிளைட், அன்னைக்கு காலைலதான் பிரிட்ஜ் லேப்ல இருந்து வந்துச்சு. மரத்துப்போற ஊசி போட்டு ஒட்டுனாங்க, கடிச்சுப் பாருங்க சார்னாங்க, மரத்துப்போன வாயில என்ன தெரியும், நல்லாருக்குன்னுட்டேன். பல்லு செய்யறதே தொழிலா இருக்குற எனக்கே அவசரத்துல தோணல பாருங்க. மறுநாளு இங்க மாமாக் கடைல ரோட்டி சானாய் கடிக்கிறேன், வலது பக்கம் மட்டும் மொதல்ல இடிக்குது. லேபுக்கு போய் கடி பாக்குற செகப்பு பேப்பர ஒரு துண்டு கிழிச்சு வாயில வெச்சு டக்கு டக்குன்னு தட்டிட்டு கண்ணாடில பார்த்தா, பத்து பல்லுல மங்கலா புள்ளி விழ வேண்டிய எடத்துல பிரிட்ஜ்ல மட்டும் ஒரே ஒரு புள்ளி, குங்குமம் வெச்ச மாதிரி. தலமுடி கனம்தான் இருக்கும் அந்த மேடு. டாக்டர் கிட்ட போனா தேய்க்க அஞ்சு நிமிஷ வேலை. தானா சரியாயிரும்னு மூணு வாரம் விட்டேன், அதுக்குள்ள பின்பல்லு நரம்பு செத்து சீழ் வெச்சிருச்சு. புது பிரிட்ஜ்லயே ஓட்டை போட்டு ரூட் கெனால் பண்ணோம், மதுரைல மிச்சம் புடிச்ச காசு அதுலயே போச்சு. அதனால சொல்றேன், ஒட்டுன அன்னைக்கே பிளைட் வெக்காதீங்க. ஒட்டுனதுக்கு அப்புறம் அஞ்சு நாளாச்சும் அங்க இருந்து, சோறு, முறுக்கு எல்லாம் கடிச்சு சாப்பிட்டு, மறுபடி போய் காட்டிட்டுத்தான் கெளம்பணும்.

இன்னொரு அக்கா, எங்க தோட்டத்துக்காரங்கதான், வெளிநாட்டுல போட்ட இம்ப்ளான்ட் கிரவுன் கழண்டு வந்துருச்சுன்னு கைக்குட்டைல முடிஞ்சு கொண்டாந்தாங்க. பல்லு நல்லா இருக்கு, ஸ்க்ரூ நல்லா இருக்கு, ஆனா எந்த கம்பெனி இம்ப்ளான்ட்னு ஒரு காகிதம் இல்ல. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஸ்க்ரூடிரைவர் தலை வேற. ஈப்போவுல நாலு டாக்டர் பார்த்து நாலு பேரும் கைய விரிச்சுட்டாங்க. காரு டயர் மாத்த நட்டு சைஸ் தெரியாத மாதிரிதான். அதனால போட்ட அன்னைக்கே இம்ப்ளான்ட் டப்பால இருக்குற ஸ்டிக்கர், பேரு, சைஸ், லாட் நம்பர் எல்லாம் இருக்கும், அத கார்டுல ஒட்டி வாங்கிருங்க. ஸ்ட்ராமன், நோபல் பயோகேர், ஆஸ்ஸ்டெம், டென்டியம் மாதிரி இங்கயும் பார்ட்ஸ் கிடைக்கிற கம்பெனியான்னு முன்னாடியே கேளுங்க. சிடி ஸ்கேன் எடுத்தா பிரிண்ட் மட்டும் வாங்காம ஃபைலையும் பென்டிரைவ்ல வாங்குங்க. செய்யப் போறவரு பிடிஎஸ் (பல் டாக்டர் பட்டம்) மட்டுமா, எம்டிஎஸ் (மேல்படிப்பு) எந்தப் பிரிவு, அந்த மாநில டென்டல் கவுன்சில்ல பதிவு இருக்கான்னு கேக்குறதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. விசா ஃபார்ம்ல வைத்தியத்துக்கு போறத மறைக்க வேண்டாம், ஈ-மெடிக்கல் விசான்னே ஒண்ணு இருக்கு, கிளினிக் லெட்டர் கேப்பாங்க, எழுதித் தர யோசிக்கிற கிளினிக்கா இருந்தா அதுலயே புரிஞ்சுக்கலாம். தகராறுன்னா? இந்தியாவுல டாக்டர் மேல கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு போகலாம்னு சுப்ரீம் கோர்ட்டே 1995ல சொல்லிருச்சு, ஆனா சுங்கை சிப்புட்ல இருந்துக்கிட்டு வாய்தாவுக்கு வாய்தா யாரு போயி நிக்கிறது.

காசு விஷயத்துல ஒண்ணு. அம்மா அப்பா மருத்துவச் செலவுக்கு உங்க வருமான வரில 8,000 வெள்ளி வரைக்கும் கழிவு இருக்கு, பல்லு பிடுங்குறது, அடைக்கிறது, சுத்தம் பண்றது அதுல சேரும், செட்டு, கிரவுன் மாதிரி கட்டுறத அழகு வேலைன்னு தள்ளிருவாங்க, அது சேராது. ஆனா இங்க பதிஞ்ச டாக்டர் இங்க செஞ்சிருக்கணும், திருச்சி பில்ல காட்ட முடியாது. உங்க ஈபிஎஃப்ல (சேமநிதி) 2024ல வந்த பிளெக்சிபல் அக்கவுண்ட்ல எடுக்கலாம்தான், எல்லாத்தையும் வழிச்சு எடுத்துறாதீங்க. மலிவுன்னு சொல்லி வீட்டுக்கே வந்து பல்லு கட்டுற ஆளுங்க கிட்ட மட்டும் போயிறாதீங்க, மலேசிய பல் மருத்துவ மன்றத்துல பேரு இல்லாதவங்க வாயில கை வெக்கிறதே குத்தம்.

எல்லாத்துக்கும் முன்னாடி ரெண்டு விஷயம் நீங்க எழுதவே இல்ல. அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கா, இருந்தா மூணு மாச சர்க்கரை சராசரி (HbA1c) எவ்ளோ? 8க்கு மேல ஓடுதுன்னா எந்த ஊரா இருந்தாலும் இம்ப்ளான்ட் புண்ணு ஆறுறது கஷ்டம். எலும்பு தேய்மானத்துக்கு வாரத்துக்கு ஒண்ணுன்னு அலென்ட்ரோனேட் மாத்திரை போடுறாங்களா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறாங்களா, டாக்டர் கேக்கலன்னாலும் நீங்களே சொல்லணும்.

ரெண்டாவது, அம்மா வெத்தலை போடுவாங்களா? ரப்பர் பால் வெட்டப் போன நம்ம பொம்பளைங்கள்ல வெத்தலை பாக்கு புகையிலை போடாதவங்க கம்மி, மலேசியாவுல வாய்ப் புத்துநோய் நம்ம இந்தியர்கள்ல அதிகமா வர்றதுக்கு அதுதான் பெரிய காரணம். அம்மாவ வாயத் தொறக்கச் சொல்லி அவங்க மூணு வெரல நெட்டுக்குத்தா உள்ள விடச் சொல்லுங்க. போகலன்னா கன்னம் உள்ள இறுகுதுன்னு அர்த்தம், அச்சு எடுக்குற தட்டே உள்ள போகாது. டார்ச் அடிச்சு கன்னத்து உள்பக்கம், நாக்கு ஓரம், நாக்குக்கு அடில பாருங்க, வெள்ளையாவோ செகப்பாவோ படை இருந்தா, ரெண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணு இருந்தா, திருச்சி டிக்கெட், கல்யாணம் எல்லாத்தையும் தள்ளி வெச்சுட்டு கவர்மெண்ட் பல் கிளினிக் போங்க. பதிவுக்கு பெருசா காசு ஆகாது.

கல்யாணத்துக்கு என்ன பண்றதுன்னா, கீழ் பல்லு கெட்டியா இருந்தா ஈப்போவுல மேல் செட்டும் கீழ் பாதி செட்டும் இப்பவே ஆரம்பிச்சா ஆறேழு வாரத்துல கைக்கு வரும், பழகிக்க ஒரு மாசம் மிச்சம். அதுக்கப்புறம் ஒரு வருஷம் பார்த்துட்டு, கீழ் பல்லு ஆட ஆரம்பிச்சா ரெண்டு இம்ப்ளான்ட்ட பத்தி யோசிக்கலாம், அது அப்ப இங்கயா திருச்சியாங்கிறத அப்ப பேசுவோம். சித்திய பார்க்க தாராளமா போங்க, பல்லோட போயி நல்லா சாப்பிட்டுட்டு வாங்க.

சனிக்கிழமை காலைல பசியாற நான் பசார் பின்னாடி ஒட்டுக்கடைலதான் இருப்பேன், ஏழரைல இருந்து ஒம்பது வரைக்கும். அந்த ஓபிஜிய எடுத்துட்டு வாங்க. அம்மா கிட்ட பழைய செட்டு ஏதாச்சும் டிராயர்ல கெடந்தா, ஒடஞ்சிருந்தாலும் பரவால்ல, ஒரு டப்பால தண்ணி ஊத்தி போட்டு கொண்டாங்க, அது தேஞ்சிருக்குற பக்கத்த பார்த்தாலே அம்மா எந்தப் பக்கம் கடிக்கிறாங்கன்னு சொல்லிருவேன்.